எதிரே வருபவரை அனுப்பியவன் யார்?

இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டதும் கிதாபுகளும் மஸ்அலாக்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அப்பெருமகனாரை அல்லாஹ் அந்த உயர்நிலைக்குக் கொண்டு சேர்த்த வழியைச் சற்றே கவனியுங்கள். அவ்வழியில் தெருவில் எதிர்ப்பட்ட ஒரு பெரியவர் இருக்கிறார்; மஸ்அலா கேட்க வந்த ஒரு பெண்மணி இருக்கிறார்; பக்கத்து வீட்டுக் குடிகாரன்கூட இருக்கிறான்.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்த இமாமவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் தாபித். வாலிபப் பருவத்தில் பட்டுத்துணி வியாபாரமே அவர்களுடைய அன்றாட அலுவலாக இருந்தது. ஒருநாள் கடைவீதிக்குப் போகும்போது இமாம் ஷஅபீ (ரஹ்) எதிர்ப்பட்டு, யாரிடம் போய் வருகிறாய் என்று கேட்டார்கள். கடைக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார் வாலிபர். தாம் கேட்டது வியாபாரிகளையன்று, ஆலிம்களையே என்றும், அறிவுக்கூர்மை உன்னிடம் தென்படுகிறது, அதை வீணாக்காதே என்றும் அப்பெரியவர் நல்லுரை பகர்ந்தார்கள். அந்தச் சொல் உள்ளத்தில் தைத்தது. கல்வியின் பக்கம் திரும்பினார்கள்.

முதலில் அகீதா சம்பந்தமான வாதங்களிலேயே ஈடுபட்டிருந்தார்கள். அப்போது ஒரு பெண்மணி வந்து, ஸுன்னத்தான முறையில் தலாக் சொல்வது எப்படி என்று கேட்டார். பதில் தெரியவில்லை. தெரிந்தவர்போல் நடிக்கவுமில்லை. ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதைத் தமக்கும் வந்து தெரிவிக்குமாறு கூறினார்கள். அவ்வாறே அப்பெண்மணி வந்து தெரிவித்ததும், செருப்பை எடுத்துக்கொண்டு நேரே ஹம்மாதின் மஜ்லிஸில் போய் அமர்ந்துவிட்டார்கள். ஹிஜ்ரி 120-ல் உஸ்தாது மறையும் வரை, ஏறத்தாழ 18 ஆண்டுகள் அத்தொடர்பு நீடித்தது. ஃபிக்ஹின் பெருவாசலை அவர்களுக்குத் திறந்துவிட்டது ஒரு பெண்ணின் கேள்விதான்!

பக்கத்து வீட்டுக்காரனின் செய்தி இன்னும் உருக்கமானது. அவன் செருப்புத் தைப்பவன். பகலெல்லாம் உழைப்பான். இரவானால் குடித்துவிட்டு, தன்னை எல்லாரும் கைவிட்டுவிட்டார்களே என்று பாடிக் கொண்டிருப்பான். இரவு வணக்கத்தில் நிற்கும் இமாமவர்களின் காதில் அது விழும். ஓர் இரவு சத்தமே இல்லை. தொல்லை நீங்கியது என்று அவர்கள் மகிழவில்லை. விசாரித்து, காவலர் பிடித்துச் சென்றதை அறிந்து, ஸுப்ஹு தொழுததும் ஆளுநரிடம் போய் அவனை விடுவித்து வந்தார்கள். உன்னை நாங்கள் கைவிட்டுவிட்டோமா என்று மட்டுமே கேட்டார்கள். அவன் தவ்பாச் செய்து திருந்தினான் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

வறுமையினால் பாடத்தை விட்டு வேலைக்குப் போன ஒரு சிறுவரையும் இமாமவர்கள் தேடி விசாரித்து, பொருளுதவி தந்து படிக்க வைத்தார்கள். அவர்தாம் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாகத் திகழ்ந்த அபூயூஸுஃப் (ரஹ்). காழிப் பதவியைத் தாம் ஏற்க மறுத்துக் கலீஃபா மன்ஸூரின் சிறையில் துன்புற்ற இமாமவர்கள், ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள். அவர்களின் மத்ஹபோ அந்த ஏழை மாணவர் மூலம் நாடெங்கும் பரவியது.

அன்பர்களே! நம் வாசலுக்கும் ஆட்கள் வருகிறார்கள். கடன் கேட்டு வரும் உறவினர், ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை, இரவில் கூச்சலிடும் அண்டை வீட்டார் என்று எத்தனையோ பேர். இவர்களை இடைஞ்சல் என்றே எண்ணி முகம் சுளிக்கிறோம். அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் உதிர்வதில்லை என்று நம்பும் நாம், ஒரு மனிதர் மட்டும் வீணாக நம் எதிரே வந்து நின்றார் என்று எப்படி எண்ணலாம்? அவர் நமக்குப் பாடம் சொல்ல வந்தவராக இருக்கலாம். நம் கையால் உதவி பெற வந்தவராகவும் இருக்கலாம். எதற்கென்று நமக்குப் புரியாவிட்டாலும், ஸலாமும் மலர்ந்த முகமும் அவருக்கு உரியவையே.

வல்ல அல்லாஹ், அவன் அனுப்புவோரை அறிந்து மதிக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.