தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

கிறித்தவத் தமிழ் என்ற அளவில் தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும், இரட்சணிய யாத்திரிகம் தந்த கிருஷ்ணபிள்ளையும் நம் நினைவுக்கு வருவர். காலத்தால் அவ்விருவர்க்கும் இடையில் நின்று, ஏட்டில் வாழ்வதோடு மக்கள் நாவிலும் வாழும் பேறு பெற்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவருக்கு அரை நூற்றாண்டு பிற்பட்டவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளுதல் கூடாது.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் கிறித்தவம் தழுவியவர், தமிழறிந்தவர். 1785இல் அப்பகுதிக்கு வந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ், சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் இரண்டாம் சரபோஜியாக அரியணை ஏறிய இளவரசரும் அக்காலத்தில் சுவார்ட்ஸ் ஐயரின் கண்காணிப்பில் கல்வி பயின்றவரே. தரங்கம்பாடியில் இறையியலும் வானநூலும் பிற கலைகளும் கற்றுத் திரும்பிய வேதநாயகம், இருபது வயதளவில் தஞ்சை மிஷன் பள்ளியின் ஆசிரியரானார். 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார்.

அவர் புகழை நிறுத்திய நூல் பெத்லகேம் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பிறந்த மண்ணில் பிறந்து, சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுந்த தஞ்சையில் வாழ்ந்தவருக்கு அவ்வடிவம் இயல்பாகவே கைவந்தது. உலா வரும் தலைவன் இங்கே பெத்லகேம் நாதர். காதல் கொள்ளும் தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி. குறி சொல்லும் சிங்கியும் பறவை பிடிக்கும் சிங்கனும் ஞானப்பொருள் தாங்கி வருகின்றனர். ஐரோப்பியரிடம் கற்ற புதிய வானநூற் கொள்கையும், ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவரும் முறையும் அந்நூலில் இடம்பெற்றன. கும்மி, நாடகம், உலா, மாலை எனத் தமிழில் மக்கள் விரும்பிய வடிவம் எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. பெரிய கோயில் இறைவன்மீது பாடுமாறு மன்னர் கேட்டபோது, தம் நாவு கிறித்துவுக்கே உரியது என்று பணிவோடு மறுத்தார் என்றும், மன்னர் அதற்காகச் சினம் கொள்ளவில்லை என்றும் தஞ்சைக் கிறித்தவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

சைவ மன்னர் பொறுத்துக்கொண்ட பாவலரைத் தம் சமயத்தார் பொறுத்துக்கொள்ளவில்லை. 1820களில் இளம் மிஷனரிமார் புதிதாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் தஞ்சையில் பணியேற்ற ஹௌப்ரோ குறிப்பிடத்தக்கவர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது முதல் நூறாண்டுக்கு மேலாக மூத்த குருமார் பொறுத்தும் ஏற்றும் வந்த வழக்கங்கள் பல, புதியவர் கண்ணுக்குப் பிறசமய எச்சங்களாகத் தோன்றின. திருமணத்தில் சூடும் மாலையும் அடக்கத்தில் தூவும் பூவும் குற்றமாயின. கோயிலில் தமிழிசையில் பாடும் கீர்த்தனைகள் குற்றமாயின. ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளே வழிபாட்டுக்கு உரியவை எனப்பட்டன. பப்ரீஷியஸ் மொழிபெயர்த்த பழைய வேதாகமத்துக்கு மாறாக ரேனியஸ் செய்த புதிய திருத்தம் முன்வைக்கப்பட்டது. சாதிக்கொரு பக்கமாய்த் தனித்தனியே அமரும் முறையையும், திருவிருந்தில் முன்னவர் பின்னவர் என்னும் வரிசையையும் ஒழித்து, எல்லாரும் கலந்தமர்ந்து ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த வேளாளக் கிறித்தவரும் இவற்றை நான்கு கொடுமைகளாக வகுத்து எழுதி முறையிட்டனர். வேதத்தைத் திருத்தியது, சாதிகளைக் கலக்க வற்புறுத்தியது, பூவைத் தடுத்தது, பாட்டைத் தடுத்தது என்பனவே அந்நான்கு. வழக்கு முற்றியது. 1829இல் சாஸ்திரியார் தம் மிஷன் பணியை இழந்தார். தம் ஐம்பத்தைந்தாம் வயதில், தாம் பாடி வளர்த்த சபையாலேயே விலக்கப்பட்டவரை ஆதரித்தவர் சரபோஜி மன்னரே.

இந்த வழக்கை நாம் எவ்வாறு தீர்ப்பது? சாஸ்திரியார்மீது கொண்ட அன்பினால் நான்கையும் அவர் பக்கம் சாய்த்துவிடுதல் எளிது. அது நேர்மையன்று.

பாட்டைப் பற்றி அவர் கொண்ட கருத்து முற்றிலும் சரியானது. ஜெர்மனியில் குடியானவர் வீட்டு மெட்டும் லூத்தரின் சபையில் துதியாகலாம் என்றால், காவிரிக்கரையில் ஆனந்தபைரவி துதியாகலாகாதா? பூவும் அத்தகையதே. மணமகள் கூந்தலில் ஏறிய மல்லிகை எந்தத் தெய்வத்துக்கும் சாட்சி சொல்வதில்லை. வேதாகமத் திருத்தத்தைப் பொறுத்தவரை இரு பக்கமும் வழக்கில் நியாயமுண்டு. ரேனியஸ் தமிழ் ஓட்டத்தை நாடினார். சாஸ்திரியாரோ அரை நூற்றாண்டு ஓதிப் புனிதமேறிய சொல்லைக் காக்க நின்றார். குறவஞ்சியின் உருவத்தைத் துணிந்து மாற்றியவர், வேதத்தின் ஒரு சொல் மாறவும் மனம் ஒப்பவில்லை.

இருக்கை வரிசையில் மட்டும் அவர் தவறினார். அதை மழுப்புவதற்கில்லை. சாதி உலகியல் ஒழுங்கு, சமயத்துக்குப் புறம்பானது என்பது அவர் தரப்பு வாதம். ஆனால் அடுத்த பக்கத்தில் தனியே அமர்த்தப்பட்டவர்க்கும், கிண்ணம் பிந்தி வந்தவர்க்கும் அது புறம்பான செய்தியன்று. நெஞ்சில் தைத்த முள் அது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேளாளக் கிறித்தவர் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். ஒழிக்கத் தக்கதை ஒழிக்க வந்தவர்கள், ஒழிக்கத் தகாத பூவையும் பாட்டையும் அதனோடு சேர்த்துக் கட்டினர். காக்கத் தக்கதைக் காக்க எழுந்தவர்கள், காக்கத் தகாத சாதியையும் அதனோடு சேர்த்துக் கட்டினர். இரு கட்டும் ஒரே வகையான பிழை.

பிறர் குற்றம் காண்பதில் சாஸ்திரியாரும் பின்வாங்கியவர் அல்லர். மக்களின் மூடநம்பிக்கைகளைச் சாஸ்திரக் கும்மியில் எள்ளிப் பாடியவர் அவர். அதே கண்ணாடியைத் தம் சபையின் இருக்கை வரிசைக்கு நேரே அவர் பிடித்திருப்பாராயின், அவர் புகழ் இன்னும் ஓங்கியிருக்கும்.

முடிவை அவர் கண்ணாலேயே காணும் வரம் பெற்றார். 1853இல், அவர் எழுபதுகளின் இறுதியில் இருந்தபோது, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பொது வழிபாட்டுக்கெனத் தமிழ்க் கீர்த்தனைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. ஒரு மிஷனரி வாயிலில் தடுத்த பாட்டை மற்றொரு மிஷனரி கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தார். 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், தொண்ணூறை நெருங்கிய பருவத்தில், சாஸ்திரியார் மறைந்தார். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் அவர் கீர்த்தனை ஒலிக்கிறது. அதைப் பாடுவோரில் அன்று தனிப்பக்கம் அமர்த்தப்பட்டோரின் வழியினரும் உள்ளனர். அவர்கள் கலந்தமர்ந்து அவர் பாட்டைப் பாடும்போது வழக்கின் இரு பாதிகளும் செம்மையாகத் தீர்ந்துவிடுகின்றன.

பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் குறைகண்டும் நிறைகண்டும் வரும் நம் வட்டத்தார்க்கு இவ்வரலாறு ஓர் அளவுகோலைத் தருகிறது. புதியதொரு வடிவமோ பழகாத மெட்டோ நம் முன் வரும்போது, அது நம் வழக்கத்துக்கு ஒவ்வாதது என்பதால் மட்டும் அதைத் தள்ள வேண்டா. நாம் பழகிய ஒன்றைப் பிறர் தள்ளச் சொன்னால், அது நம்முடையது என்பதால் மட்டும் காக்கவும் வேண்டா. அதனால் ஒரு மனிதர் தாழ்த்தப்படுகிறாரா என்று கேட்போம். மல்லிகையும் ஆனந்தபைரவியும் அக்கேள்விக்கு அஞ்சியதில்லை.