விண்ணிலிருந்து மண்ணை அளக்க வழி திறந்தவர்: செர்கேய் கொரோலியோவ்

சங்கத் தொகை நூல்களைப் பயில்வோர் ஒரு புதுமையைக் காண்பர். சில பாடல்களைப் பாடிய புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாடலில் ஒளிரும் ஒரு தொடரே பாடியவருக்குப் பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என வழங்கும் பெயர்கள் அவ்வாறு அமைந்தவை. ஆளின் பெயர் மறைந்தது. அவர் ஆக்கிய பொருளே அவருக்குப் பெயராக நின்றது.

இருபதாம் நூற்றாண்டிலும் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார். காலம் அவர் பெயரை மறைக்கவில்லை, அரசு மறைத்தது. உலகின் முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றிய அவரை, வாழ்ந்த நாளில் தலைமை வடிவமைப்பாளர் என்று மட்டுமே செய்தித்தாள்கள் குறித்தன. செர்கேய் பாவ்லோவிச் கொரோலியோவ் என்ற அவருடைய பெயரை உலகம் அறிந்தபோது அவர் உயிருடன் இல்லை. விண்வெளிக்கு மனிதனை அனுப்பியவர் என்று இன்று அவரைப் போற்றுகிறோம். நாம் வாழும் புவியின் ஈர்ப்பையும் காந்தத்தையும் காற்றையும் விண்ணிலிருந்து அளக்கும் கலைக்கு வாயில் திறந்தவரும் அவரே என்பதைப் பலர் நினைப்பதில்லை. அப்பணியை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

கொரோலியோவ் 1907ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், இன்று உக்ரைனில் உள்ள சித்தோமிர் நகரில் பிறந்தார். தந்தை பாவெல் இலக்கியம் கற்பித்த ஆசிரியர். தாயார் மரியா. பெற்றோர் விரைவிலேயே பிரிந்தனர். நேழின் என்னும் சிற்றூரில், தாய்வழிப் பாட்டன் பாட்டியின் அரவணைப்பில் சிறுவன் வளர்ந்தான். 1911ஆம் ஆண்டு அவ்வூருக்கு உத்தோச்கின் என்ற விமானி வந்து பறந்து காட்டினார். கூடிநின்ற மக்களிடையே பாட்டனாரின் தோளில் அமர்ந்து அக்காட்சியைக் கண்ட நான்கு வயதுச் சிறுவனின் உள்ளத்தில் பறத்தல் என்னும் ஆசை வேரூன்றியது.

பின்னர்க் குடும்பம் ஒதேசாவில் குடியேறியது. அங்கே கட்டடத் தொழிற்பள்ளியில் பயின்றுகொண்டே, பதினேழாம் வயதில் இயந்திரமில்லா மிதவை விமானம் ஒன்றை அவர் வடிவமைத்தார். கீவ் நகரில் ஈராண்டு பயின்றபின் மாஸ்கோவின் பௌமன் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய பட்டத் திட்டத்திற்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் துப்போலெவ். 1931ஆம் ஆண்டு ஏவுகணை ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்த கொரோலியோவ் விரைவில் அதன் தலைவரானார். அக்குழு உருவாக்கிய சிறு ஏவுகணை 1933 ஆகஸ்டு 17 அன்று மாஸ்கோவுக்கருகே ஒரு காட்டிலிருந்து மேலெழுந்தது.

சிறைவாழ்வு

அக்காலத்தில் ஸ்தாலினின் களையெடுப்பு நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. கொரோலியோவ் பணியாற்றிய ஏவுகணை ஆய்வு நிறுவனத்தின் தலைவர்கள் இருவர் 1938 சனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு சூன் 27 அன்று கொரோலியோவும் கைதானார். நாட்டின் பணிகளைக் கெடுத்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றம். அடித்துத் துன்புறுத்தி ஒப்புதல் பெற்றனர். பத்தாண்டுத் தண்டனை விதித்துக் கொலிமாவின் தங்கச் சுரங்கத்திற்கு அனுப்பினர். பசியும் பனியும் சொறிகரப்பான் நோயும் அவரை வாட்டின, பற்கள் உதிர்ந்தன. வெளியே அவர் தாயார் அதிகாரிகளின் வாயில்தோறும் ஏறி இறங்கினார். நாடறிந்த விமானிகள் இருவர் அவருக்காகப் பரிந்து பேசினர். வழக்கை மீண்டும் விசாரிக்கும் ஆணை பிறந்தது.

1940ஆம் ஆண்டு அவர் மாஸ்கோவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். தண்டனை எட்டாண்டாகக் குறைந்ததேயன்றி விடுதலை கிட்டவில்லை. கைதிகளாகவே பொறியாளர்கள் பணியாற்றிய சிறை வடிவமைப்புக் கூடத்தில், அவரைப்போலவே கைதியாகியிருந்த ஆசிரியர் துப்போலெவின் கீழ் வேலை செய்தார். 1944 சூலையில்தான் விடுதலை கிடைத்தது. அவர் குற்றமற்றவர் என்று முறையாக அறிவிக்கப்பட்டது 1957ஆம் ஆண்டிலேயே. முதல் செயற்கைக்கோளை அனுப்பிய அதே ஆண்டு அது!

விண்ணில் ஓர் ஆய்வுக்கூடம்

போர் முடிந்ததும் செருமானியரின் வி-2 ஏவுகணையை ஆராயக் கொரோலியோவ் அங்கே அனுப்பப்பட்டார். திரும்பியபின் ஏவுகணைகள் பலவற்றை உருவாக்கினார். 1949ஆம் ஆண்டு முதலே அவற்றுள் சிலவற்றில் வெடிகுண்டுக்குப் பதிலாக அறிவியல் கருவிகளை வைத்து மேலே அனுப்பினார். உயர்வளி மண்டலத்தின் தன்மையை அவை ஆராய்ந்தன. ஆயினும் அத்தகைய ஏவுகணை சில நிமிடங்களே உயரத்தில் நிற்கும். ஓரிடத்து வானத்தை மட்டுமே காணும். புவியைச் சுற்றிவரும் கோளோ நாளொன்றுக்குப் பலமுறை உலகை வலம்வந்து, நாடுகளையும் கடல்களையும் கடந்து அளந்துகொண்டே செல்லும்.

1957 சூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக அறிவியலாளர் ஒன்றுகூடிப் பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டைக் கொண்டாடினர். அதற்கெனக் கொரோலியோவும் அவர் நண்பர் திகொன்ராவோவும் அறிவியல் அகாதெமியின் கெல்திஷும் ஒரு பெரிய செயற்கைக்கோளைத் திட்டமிட்டனர். 1956 சனவரி 30 அன்று அரசு ஒப்புதல் அளித்தது. கோளின் எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் 200 முதல் 300 கிலோகிராம் வரை ஆய்வுக்கருவிகளே இருக்கும். அதை ஏற்றிச் செல்லவிருந்த ஆர்-7 ஏவுகணையோ அணுகுண்டைக் கண்டம் கடந்து வீசுவதற்கென ஆக்கப்பட்டது. அழிவுக்கென அரசு தந்த பொருளை அறிவுக்குத் திருப்பும் பணியில் கொரோலியோவ் தம் சொல்வன்மை முழுவதையும் செலவிட்டார்.

கருவிகள் குறித்த காலத்தில் வந்துசேரவில்லை. அமெரிக்கர் முந்திக்கொள்வர் என்ற கவலை அவரை அரித்தது. ஆய்வுக்கூடத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, எளிய கோளம் ஒன்றை முதலில் அனுப்ப அவர் முடிவு செய்தார். 58 செ.மீ. விட்டம், 83.6 கிலோகிராம் எடை, நான்கு அலைவாங்கிக் கம்பிகள், உள்ளே ஒரு வானொலி அலைபரப்பி, மின்கலங்கள். அவ்வளவே. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் என்னும் அக்கோளம் விண்ணேறியது.

வீழ்ச்சியே விடையானது

பேசத் தெரியாத குழந்தை போன்ற அக்கோளத்தால் அறிவியலுக்கு என்ன பயன் என்று சிலர் எண்ணினர். அதன் மின்கலங்கள் மூன்று வாரத்தில் ஓய்ந்தன. ஆனால் கோளம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பாதையே ஒரு நூலாயிற்று.

96 நிமிடத்திற்கு ஒருமுறை புவியைச் சுற்றிய கோளம், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேலும் காற்று மெல்லியதாய்ப் பரவி நின்று அதைத் தடுத்ததே காரணம். எவ்வளவு விரைவில் தாழ்கிறது என்று கணக்கிட்டால், அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி எவ்வளவு என்பது புலனாகும். அவ்வாறு கணக்கிட்டவர்கள் வியந்தனர். அதுவரை ஏட்டில் எழுதியிருந்ததைவிட உயர்வளி பல மடங்கு அடர்ந்திருந்தது. பின்வந்த கோள்களைத் தொடர்ந்து நோக்கியபோது, கதிரவனின் கொந்தளிப்புக்கேற்ப அக்காற்று விரிந்து சுருங்குவதும் தெரியவந்தது. 1958 சனவரி 4 அன்று, 92 நாள் சுற்றியபின் ஸ்புட்னிக் எரிந்து மறைந்தது. தன் வீழ்ச்சியாலேயே அது ஓர் உண்மையை உரைத்துச் சென்றது.

நாய் லைக்காவைச் சுமந்துசென்ற இரண்டாம் ஸ்புட்னிக் 1957 நவம்பர் 3 அன்று புறப்பட்டது. லைக்கா உயிருடன் மீளவில்லை. மீட்கும் வழியும் அன்று இல்லை. அக்கோள் வேறோர் உண்மையை வெளிப்படுத்தியது. புவி முழு உருண்டையன்று, நடுவில் பருத்தது. அப்பருமனின் ஈர்ப்பு, கோளின் பாதைத் தளத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறது. அத்திருப்பத்தை அளந்து, பிராக் நகரத்து எமில் புகாரும் இங்கிலாந்தில் கிங்-ஹீல் முதலியோரும் புவியின் தட்டைமையைக் கணித்தனர். நெடுங்காலம் வழங்கிய 297இல் ஒரு பங்கு என்ற அளவு, 298இல் ஒரு பங்கை ஒட்டியதாகத் திருந்தியது. சிறு வேறுபாடுதான். ஆயினும் புவியின் நடுவரை ஆரத்திற்கும் துருவ ஆரத்திற்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 90 மீட்டர் திருத்தம் அது. நிலத்தில் பல தலைமுறைகள் சங்கிலியிட்டு அளந்ததை, விண்ணில் சில மாதம் சுற்றிய கோள் திருத்திவிட்டது.

மூன்றாம் ஸ்புட்னிக்

ஒதுக்கிவைத்த ஆய்வுக்கூடத்தைக் கொரோலியோவ் மறக்கவில்லை. 1958 ஏப்ரல் 27 அன்று முதன்முறை அனுப்பியபோது ஏவுகணை சிதைந்தது. மே 15 அன்று இரண்டாம் முறை வெற்றி கிட்டியது. 1,327 கிலோகிராம் எடையும் பன்னிரண்டு ஆய்வுக்கருவிகளும் கொண்ட மூன்றாம் ஸ்புட்னிக் விண்ணில் உலவியது. காற்றின் அழுத்தத்தையும் மின்னேற்ற அணுக்களையும் விண்துகள்களையும் அது அளந்தது. தொல்கினோவ் என்னும் அறிஞர் ஆக்கிய காந்தமானி, புவியின் காந்தப்புலத்தைச் செயற்கைக்கோளிலிருந்து முதன்முதலாக அளந்தது.

அவ்வெற்றிக்குள் ஒரு துயரமும் இருந்தது. நிலையங்களின் பார்வைக்கு அப்பால் செல்லும்போது அளவுகளைப் பதிந்துவைத்து, பின்னர் அனுப்ப ஒரு நாடாப் பதிவுக்கருவி உண்டு. ஏவுவதற்குமுன் நடந்த சோதனையில் அதில் பழுது தென்பட்டது. சோதனைக் கூடத்து மின் இரைச்சலே அதற்குக் காரணம் என்று அதை ஆக்கியவர் கூறினார். நாள் தள்ளிப்போவதைக் கொரோலியோவ் விரும்பவில்லை, ஏவும்படி பணித்தார். விண்ணில் அக்கருவி இயங்கவில்லை. சோவியத் மண்ணின்மேல் செல்லும்போது கிட்டிய அளவுகளே எஞ்சின. பிற நாடுகளின் மேலும் கடல்களின் மேலும் அது கண்டவை கண்டபடியே போயின.

இழந்தது சிறிதன்று. புவியைச் சூழ்ந்து காந்தப்புலத்தில் சிக்கிய மின்துகள்களின் வளையங்கள் உள்ளன. அமெரிக்க அறிஞர் வான் ஆலன் தம் நாட்டுக் கோள்கள் தந்த அளவுகளைக்கொண்டு 1958 மே முதல்நாள் அக்கண்டுபிடிப்பை அறிவித்திருந்தார். சோவியத் அறிஞர் வெர்னோவ் அமைத்த கருவிகள் அத்துகள்களைத் தொட்டுச் சென்றும், உலகு முழுவதன் அளவு கையில் இல்லாமையால் முழு உருவத்தையும் அவரால் அன்று காட்ட இயலவில்லை. வளையங்கள் வான் ஆலனின் பெயரைப் பெற்றன. ஆறாண்டு கழித்து, 1964இல், அவ்வளையங்களை ஆராய்வதற்கென்றே எலெக்த்ரான் என்னும் இணைக்கோள்களைக் கொரோலியோவின் நிறுவனம் இருமுறை அனுப்பியது. விரைவு அவருக்கு முதன்மையைத் தந்தது. அதே விரைவு அவரிடமிருந்து ஒரு பெரும் கண்டுபிடிப்பைப் பறித்தது. பெரியோரின் வாழ்க்கையை எழுதுவோர் இதனையும் மறைத்தலாகாது.

மறைவும் பெயரும்

1961இல் ககாரினை விண்ணுக்கு அனுப்பியபோதும் உலகம் கொரோலியோவை அறியவில்லை. அவ்வப்போது பிராவ்தா இதழில் பேராசிரியர் செர்கேயெவ் என்ற புனைபெயரில் அவர் கட்டுரை எழுதினார். தம் முதற்பெயரையே மறைப்பாகப் போர்த்திக்கொண்ட அக்கட்டுரைகளைப் படித்தோர், எழுதியவர் யாரெனத் தெரியாமலே படித்தனர். கடுஞ்சினமும் ஓயாத உழைப்பும் கொண்டவர். தம்மிடம் பணிபுரிவோரைக் கடிந்தவர். தம்மையும் ஒருபோதும் விட்டுக்கொடுக்காது வருத்திக்கொண்டவர். உடல் தளர்ந்தது. 1966 சனவரி 14 அன்று மாஸ்கோவில் அறுவைச் சிகிச்சையின்போது உயிர் பிரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பிராவ்தாவில் அவர் பெயரும் உருவப்படமும் வெளிவந்தன. தலைமை வடிவமைப்பாளருக்கு அன்றுதான் பெயர் கிட்டியது. கிரெம்ளின் மதிலில் அவர் அஸ்தி வைக்கப்பட்டது.

அவர் திறந்த வாயில் வழியே பின்வந்தோர் நெடுந்தூரம் சென்றனர். 2002இல் விண்ணேறிய கிரேஸ் இணைக்கோள்கள், தமக்கிடையே உள்ள ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவு மயிரிழையினும் நுண்ணியதாய் மாறுவதை அளந்து, புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தைக் கண்டன. இராசஸ்தான், பஞ்சாப், அரியானா நிலங்களின் அடியில் ஆறே ஆண்டில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை 2009இல் உலகுக்கு உணர்த்தியவை அவையே. 2009இல் சென்ற கோச் என்னும் கோள், உயர்வளியின் தடையை எதிர்த்து அயனி உந்தியால் தன்னைத் தாங்கிக்கொண்டு ஈர்ப்பை அளந்தது; எரிபொருள் தீர்ந்ததும், 2013 நவம்பரில் ஸ்புட்னிக்கைப் போலவே வீழ்ந்தது. அதே மாதம் சென்ற ஸ்வார்ம் கோள்கள் மூன்றும் புவியின் காந்தப்புலத்தை வரையும் பணியை ஏற்றன.

இவை யாவும் அமெரிக்க, ஐரோப்பியக் கோள்கள். ஆனால் இவை புறப்பட்ட இடம் வடரஷ்யாவின் பிளெசெத்ஸ்க். கொரோலியோவின் ஆர்-7 ஏவுகணைகளை அணுகுண்டுடன் நிறுத்திவைப்பதற்கென 1957இல் கட்டத் தொடங்கிய தளம் அது. அழிவுக்கெனக் கட்டிய களத்திலிருந்தே புவியின் நாடிபார்க்கும் கோள்கள் எழுந்தன. அவர் அன்று தொடங்கிய திருப்பம் அங்கே நிறைவெய்தியது எனலாம்.

பாடல் நின்றால் பாடியவர் நிற்பார் என்பது நம் தொகை நூல்கள் நமக்குக் காட்டும் நெறி. பெயர் சொல்லாமல் உழைத்த இம்மனிதருக்கும் அது பொருந்தும்.