கடைசல் பிடித்த மாமன்னர்

ருஷிய நாட்டுக்கே அவர் மன்னர். பெரும் படைகள் அவர் சொல்லுக்குக் காத்து நின்றன. ஆனால் ஓய்வு கிடைத்தால் அவர் எங்கே போவார் தெரியுமா?

பட்டறைக்கு!

உளியைக் கையில் எடுப்பார். மரக்கட்டையைக் கடைந்து கிண்ணம் செய்வார்.

அவர்தான் மகா பீட்டர்.

கப்பல் தச்சர்

பீட்டர் 1672-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். 4 வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்தார். 10-வது வயதில் பட்டத்துக்கு வந்தார். சிறு வயது முதலே கைத்தொழில்களில் அவருக்கு ஆசை அதிகம்.

1697-ல் ஹாலந்து நாட்டுக்குச் சென்றார். மன்னர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பீட்டர் மிகைலவ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமில், கப்பல் கட்டும் இடத்தில் தச்சராகச் சேர்ந்தார். 4 மாதம் உழைத்து, தொழில் கற்றதற்கு நற்சான்றும் பெற்றார்.

ஆனால் அவர் உயரம் 6½ அடிக்கு மேல்! அதை மறைக்க முடியுமா? வந்திருப்பவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அரண்மனைக்குள் பட்டறை

1703-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற புதிய நகரத்தை அமைத்தார். அங்கே அவருடைய கோடை அரண்மனையில் ஒரு கடைசல் அறை இருந்தது.

கடைசல் வேலை எளிதல்ல. கட்டை வேகமாகச் சுழலும். உளியைப் பதமாக வைத்தால் சீவல் சுருள் சுருளாக உதிரும். கொஞ்சம் அழுத்திவிட்டால், கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் அது விறகுதான்!

பீட்டர் மரத்திலும் தந்தத்திலும் கிண்ணங்கள், பொடி டப்பிகள், மெழுகுவத்தித் தண்டுகள் கடைந்தார். அவற்றை மற்றவர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

மன்னரின் வாத்தியார்

அவருக்குத் துணை நின்றவர் ஆந்திரேய் நார்த்தவ். சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், 1712-ல் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் உளியைக் கையால் பிடித்துத்தான் கடைவார்கள். உளியை எந்திரமே பிடித்துக்கொள்ளும்படி நார்த்தவ் செய்தார். ஓர் உருவத்தை மாதிரியாக வைத்தால், அதைப் போலவே செதுக்கும் எந்திரமும் அமைத்தார். 1718-ல் மன்னர் அவரை வெளிநாடுகளுக்கு அனுப்பி, மேலும் கற்க வைத்தார்.

மகனின் முடிவு

அதே 1718-ல் பெருந்துயரம் ஒன்று நடந்தது.

பீட்டரின் மகன் அலெக்சி. அவனுக்குப் போரிலும் கப்பலிலும் நாட்டம் இல்லை. தந்தையின் பெயரைக் கேட்டாலே நடுக்கம். 1716-ல் ஆஸ்திரியாவுக்கு ஓடிவிட்டான். மன்னிப்பதாகச் சொல்லித் திரும்ப அழைத்து வந்தார்கள். ஆனால் விசாரணை நடந்தது. சித்திரவதை செய்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். அதை நிறைவேற்றும் முன்பே, சிறையில் அவன் உயிர் பிரிந்தது.

மரத்தின் போக்கு அறிந்து உளி வைத்தவர் பீட்டர். பெற்ற மகனிடம் அந்தப் பொறுமை அவருக்கு இல்லை. குடிமக்களிடமும் இல்லை. புதிய நகரத்தைக் கட்டக் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

அழியாத கைவேலை

1725-ல் பீட்டர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

நார்த்தவ் தம் மன்னரை மறக்கவில்லை. கடைசல் எந்திரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1756-ல் அவரும் மறைந்தார்.

அந்த எந்திரங்களும், மன்னர் கடைந்த பொருள்களும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள எர்மிடாஜ் காட்சிசாலையில் இருக்கின்றன. செங்கோல் பிடித்த கை, உளி பிடிக்கவும் வெட்கப்படவில்லை என்பதற்கு அவை சாட்சி.