திராட்சை காயவைத்த ஜெ.பி.

எமர்ஜென்சி பற்றிப் பேச்சு வந்தா ஜெயப்பிரகாஷ் நாராயண் பேரும் கூடவே வரும். அவரோட ஸ்டூடண்ட் லைஃப் தெரியுமா உங்களுக்கு? எம்.எஸ். கனவோட யு.எஸ். ஃபைல் திறந்து வச்சிருக்கீங்கன்னா, அவசியம் தெரிஞ்சுக்கணும்.

1902ல் பீகாரின் சிதாப்தியாரா கிராமத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும், பரீட்சை நெருங்குற நேரத்துல பாட்னா காலேஜை விட்டு வெளிய வந்துட்டார். 1922ல் அறிவியல் படிக்க அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவி பிரபாவதி காந்தியின் ஆசிரமத்துக்குப் போயிட்டாங்க.

கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது அக்டோபரில். பெர்க்லியில் சேர்றதுக்கு ஜனவரி ஆகும். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு? திராட்சைத் தோட்டத்துல கூலி வேலை. பழத்தைப் பறிக்கணும், காயவைக்கணும், அடுக்கணும். அப்புறம் பழம் டப்பாவில் அடைக்கிற ஃபேக்டரி, ஹோட்டலில் தட்டு கழுவுறது, கராஜ், இறைச்சிக்கூடம்னு கிடைச்சதெல்லாம் செய்தார். பெர்க்லியில் ஃபீஸ் ஏறினதும் அயோவாவுக்கு மாறினார். அடுத்து விஸ்கான்சின். மார்க்ஸைப் படிச்சது அங்கதான். கடைசியா ஓஹியோவில் சமூகவியலில் எம்.ஏ.

இதைப் படிச்சிட்டு நாமளும் அப்படிச் சமாளிச்சுக்கலாம்னு கிளம்பிடாதீங்க. இன்னைக்கு எஃப்-1 விசாவில் அது நடக்காது. முதல்ல, படிப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னாடி புது மாணவரை நாட்டுக்குள்ளேயே விடமாட்டாங்க. கேம்பஸுக்குள்ள வேலைன்னா கிளாஸ் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். லீவுல முழு நேரமும் செய்யலாம், ஆனா அடுத்த செமஸ்டரும் தொடர்ந்து படிக்கிறவரா இருக்கணும். வெளிய, அதாவது ஜெ.பி. பார்த்த மாதிரி தோட்டமோ ஹோட்டலோ, லீவா இருந்தாலும் அனுமதி இல்லாம கூடாது. சி.பி.டி., ஓ.பி.டி. அனுமதியெல்லாம் படிப்போட சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான். அதுக்கும் பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முடிஞ்சிருக்கணும். யாருக்கும் தெரியாதுன்னு கையில காசு வாங்கிட்டு சீனியர் யாராவது வேலைக்குக் கூப்பிட்டாலும் போகாதீங்க. மாட்டினா விசா அந்தஸ்தே போயிடும், எஜுகேஷன் லோன் மட்டும் அப்படியே நிக்கும்.

ஜெ.பி. 1929ல் ஊர் திரும்பினார். டாக்டரேட் முடிக்கலை. 1942ல் ஹஜாரிபாக் சிறையில் மதிலேறித் தப்பிச்சதும், 1975ல் எழுபத்திரண்டு வயசுல மறுபடி கைதானதும் ஹிஸ்டரி புக்கில் இருக்கு. திராட்சைத் தோட்டம்தான் அதுல இருக்காது.