சர் சி. வி. இராமனும் வயிரத்தின் குற்றமும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையைக் கற்றோர் மதுரை மாநகரத்து இரத்தினக் கடைத்தெருவை மறவார். ஆண்டுள்ள வணிகர் காகபாதம், களங்கம் முதலாய நான்கு குற்றமும் நீங்கிய வயிரத்தையே நல்வயிரமெனக் கொண்டனர். குற்றமற்றதே குணமுடையது என்பது பழையோர் துணிபு. இது பௌதிக நூலுக்கும் பொருந்துமோ என்னும் வழக்கில் தம் வாணாளின் பிற்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சந்திரசேகர வேங்கடராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியராயமைந்தமையின் இளமைக் கல்வியை அங்கே பெற்றார். பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அவ்வாண்டே கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் அமர்ந்தார். அலுவலொழிந்த பொழுதெல்லாம் ஆராய்ச்சிக்கே உரியதாயிற்று. 1917-இல் அவ்வுயர்ந்த உத்தியோகத்தைத் துறந்து, ஊதியங் குறைந்த பேராசிரியர் பதவியை உவந்தேற்றார். 1928-இல் கே. எஸ். கிருஷ்ணனோடு ஒளிச்சிதறல் பற்றிக் கண்ட உண்மை 1930-இல் நோபெல் பரிசினை ஈட்டித் தந்தது.

1933-இற் பெங்களூர் சென்றபின் அவர் உள்ளம் வயிரத்திற் படிந்தது. கட்புலனாகா ஊதாக்கதிர் படுங்கால் சில வயிரங்கள் நீலமாகவும் சில பசுமஞ்சளாகவும் ஒளிர்கின்றன, சில ஒளிர்வதேயில்லை. கரியணுக்களே யான ஒரு பொருளில் இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது? அயற்பொருட் கலப்பினால் என்றனர் சிலர். இராமனோ அதனை மறுத்து, வயிரத்தின் அணு அமைப்பே நால்வகைப்படும் என்றும், ஒளிர்வு அதன் இயற்கைக் குணமே என்றும் 1944-இல் நிலைநாட்ட முயன்றார்.

1959-இல் கைசர், பாண்டு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் பல வயிரங்களில் நைட்ரஜன் கலந்திருத்தலைக் கண்டனர். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்றலே நீல ஒளிர்வின் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. போரான் சிறிது கலப்பின் வயிரம் நீலநிறங் கொண்டு மின்சாரத்தையும் கடத்தும். வழக்கு இராமனுக்கு எதிராகவே முடிந்தது. எனினும் அவர் தம் கொள்கையை விட்டாரல்லர்.

இவ்வுண்மை வயிரத்தோடு நின்றிலது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் என்பவற்றின் ஆக்ஸைடுகளைக் கூட்டிச் சுட்ட பீங்கான், அழுத்தினால் மின்னேற்றந் தரும். அதில் நூற்றுக்கு ஒன்றளவு நியோபியம் சேர்ப்பின் ஈய அணுக்களின் இடங்கள் சில வெறுமையாகும், மின்னேற்றம் மிகும், நுண்ணிய அதிர்வையும் உணர்தற்கு அஃது ஏற்றது. இரும்பு சேர்ப்பின் ஆக்ஸிஜன் இடங்கள் வெறுமையாகும். மின்னேற்றம் சற்றுக் குறையினும் ஆற்றல் வீணாதல் குறைதலின், செவிக்கெட்டா வல்லொலியை எழுப்பும் கருவிகளில் மிக வெப்பமுறாது உழைக்கும். ஒரே பீங்கானுக்கு இரு வேறு குணங்களை அளிப்பன அணுவளவான குற்றங்களே.

இராமன் 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். விடையில் அவர் பிழைத்தார் என்பது மெய். ஆயினும், வணிகர் விலை மதித்த கல்லை இந்நாட்டு ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஒரு வயிரம் மற்றொன்றினின்று வேறுபடுவது ஏன் என விடாது வினவியவர் அவரே. மாணவராகிய நாம் அவ்வினாவைப் போற்றுவோம்; அதற்குப் பிறர் கண்ட விடையையும் மறையாது கற்போம்.