சாயத்தொழிலாளி கண்ட மின்வழி

உலர்ந்த தலைமுடியைச் சீவிய சீப்பு, சிறு தாள் துணுக்குகளைத் தொடாமலேயே மேலெழச் செய்யும். உராய்வினால் தோன்றும் நிலைமின்னூட்டமே இதற்குக் காரணம். இச்சிறு வியப்பைத் தம் முதுமையில் ஆராய்ந்து, பேருண்மை ஒன்றை உலகுக்கு உணர்த்தியவர் ஸ்டீபன் கிரே.

கிரே 1666ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள கேன்டர்பரி நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் துணிகளுக்குச் சாயமேற்றும் தொழில் செய்தவர். கிரேயும் அத்தொழிலையே மேற்கொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத அவர், ஓய்வு நேரங்களில் வானியல் பயின்றார். ஞாயிற்றின் கரும்புள்ளிகளை உற்றுநோக்கிக் குறிப்பெழுதினார். ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் நலிந்தது, வறுமையும் வாட்டியது. 1719ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் என்னும் அறநிலையம் அவருக்கு உணவும் உறைவிடமும் அளித்தது. ஆயினும், அவரது அறிவுவேட்கை தணியவில்லை.

அங்கு அவர் ஏறத்தாழ மூன்றரை அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கையால் தேய்த்து மின்னூட்டம் உண்டாக்கினார். தூசி புகாதவாறு குழாயின் முனைகளைத் தக்கையால் அடைத்திருந்தார். 1729ஆம் ஆண்டில் ஒருநாள், தேய்க்கப்படாத அத்தக்கையும் இறகை ஈர்ப்பதைக் கண்டார். கண்ணாடியின் ஆற்றல் தக்கைக்குச் சென்றது எவ்வாறு என வினவினார். தக்கையில் குச்சியைச் செருகி, அதன் நுனியில் தந்தப் பந்தைப் பொருத்தினார். பந்தும் இறகை ஈர்த்தது. குச்சிக்கு மாற்றாகக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டபோதும் ஈர்ப்பு நிகழ்ந்தது.

ஆனால், கயிற்றைக் கிடைமட்டமாக நீட்டி, உத்தரத்தில் வேறு கயிறுகளால் கட்டியபோது ஆய்வு தோல்வியுற்றது. ஆற்றல் உத்தரத்தின் வழியே வெளியேறியிருக்கும் எனக் கிரே கருதினார். அவருடைய நண்பர் கிரான்வில் வீலர், மெல்லிய பட்டு நூலால் கயிற்றைத் தாங்கலாம் என்றார். அவ்வாறு செய்தபோது வெற்றி கிட்டியது. பின்னர்ப் பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. அதற்கு ஈடாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். ஈர்ப்பு அறவே மறைந்தது. தாங்கும் பொருளின் மென்மையன்று, அப்பொருளின் இயல்பே காரணம் என்பது அத்தோல்வியினால் புலனாயிற்று. பட்டால் தாங்கிய கயிற்றின் வழியே 765 அடி தொலைவுவரை அவர்கள் மின்னாற்றலைச் செலுத்தினர்.

1730ஆம் ஆண்டில் கிரே ஒரு சிறுவனைக் கயிறுகளில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, மின்னேற்றிய குழாயை அவன் கால்களருகே பிடித்தார். கீழே வைத்திருந்த மெல்லிய பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் அவன் முகத்தை நோக்கி எழும்பின. மனித உடலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது தெளிவாயிற்று. மின்கம்பியை நாம் தொடலாகாது என்பதற்குரிய காரணமும் இதுவே.

இலண்டன் ராயல் சொசைட்டி 1731ஆம் ஆண்டில் காப்ளி பதக்கத்தை முதன்முதலாகக் கிரேவுக்கே வழங்கியது. மறு ஆண்டும் அவரையே சிறப்பித்தது. 1736ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இன்று நம் இல்லங்களில் செம்புக்கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் உறை நம்மைக் காக்கிறது. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் இவ்வேறுபாட்டை முதலில் உணர்த்தியவர், தோல்வியைக் கண்டு துவளாமல் அதன் காரணத்தைத் தேடிய அம்முதியவரே ஆவார்.