கைமாறும் கடன்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் பலருக்கு இடிதாங்கி நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது அவருடைய உயில்.

பாஸ்டன் நகரில் மெழுகுவத்தி செய்து விற்றவரின் மகனாக 1706-இல் பிறந்தார். தமையனின் அச்சகத்தைவிட்டு வெளியேறி, 17 வயதில் பிலடெல்பியா சேர்ந்தார். அங்கே கூட்டாளியுடன் தொடங்கிய அச்சகம் கடனில் மூழ்கவிருந்தபோது, நண்பர்கள் இருவர் பணம் கொடுத்துக் காத்தனர். அவ்வுதவியை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பின்னாளில் விறகைச் சிக்கனமாக்கும் கணப்பு அடுப்பை உருவாக்கினார். காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தும் மறுத்தார். பிறர் கண்டுபிடிப்புகளால் பயனடைந்த தாம், தம்முடையதையும் விலையின்றித் தருவதே முறை என்று கருதினார்.

1790-இல் மறைந்த அவர், பென்சில்வேனியாவின் தலைவராகப் பெற்ற ஊதியத்திலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன் எழுதிவைத்திருந்தார். அது தானமன்று. தொழில் கற்ற இளைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடனாகத் தரப்பட வேண்டும். ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்காகத் திரும்பிவரும் பணம் அடுத்தவருக்குச் செல்ல வேண்டும். சிலர் கடனைத் திருப்பவில்லை. ஆயினும் முதலீட்டால் வளர்ந்த அந்நிதி, 200 ஆண்டுகளுக்குப் பின் பல லட்சம் டாலராக நின்றது.

உதவி பெறுவது இழிவன்று. பிறர் கைகொடுக்காமல் உயர்ந்தவர் எவருமிலர். பெற்றதைத் தன்னோடு முடித்துக்கொள்வதே இழிவு. கொடுத்தவருக்கே திருப்ப இயலாமற்போகலாம். நமக்குப் பின்னால் நிற்பவருக்குக் கொடுக்கலாம். பிராங்க்ளினின் உயிலில் நான் கற்ற பாடம் இதுவே.